அக்காவின் கைக்கும் படத்துக்கும் நடுவில்

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அவசரக்குடுக்கை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பேருந்து நிற்பதற்குள் படிக்கு வந்துவிடுவாள். பிறந்ததே மருத்துவர் கையுறை மாட்டி முடிப்பதற்குள்தான் என்று அம்மா இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அத்தனை நீளப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஆள் தெருமுனை தாண்டியிருப்பாள் என்பதால், அக்கா அதைக் 'குடுக்கை' என்று வெட்டினாள். பெயர் பாதியானது, பொருள் ஒரு துளியும் குறையவில்லை. அந்த வீட்டில் யார் காதில் குடுக்கை என்று விழுந்தாலும், முன்னால் இருந்த அவசரத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

பின்னாளில் இந்த வித்தையே அவளுக்குப் பிழைப்பானது. அவள் படங்களைச் சுருக்கி அனுப்பும் சிப் எழுதுகிறவள். சுருக்குவது ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். கைபேசியில் ஒரு போட்டோ அனுப்பினால் கொஞ்சம் மங்கலாகத்தான் போய்ச் சேரும், யாரும் அதற்காக மூக்கைச் சிந்துவதில்லை. குடுக்கைக்கு அந்தச் சமாதானமெல்லாம் ஆகாது. இந்தப் பக்கம் கிளம்பிய படம் அந்தப் பக்கம் ஒரு புள்ளி பிசகாமல் விரிய வேண்டும், அதுவும் கிளம்பிய கையோடு விரிய வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யத்தான் அவளைக் கூப்பிடுவார்கள், அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், அம்மாவின் போனை உதாரணம் காட்டுவாள். அம்மா தினமும் பேசுவார். "எல்லாம் நேத்து மாதிரிதான், முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கம்மி" என்பார். அவ்வளவுதான் செய்தி. நேற்றைய கதை முழுக்க மகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, மாறியதை மட்டும் சொன்னால் போதும். குடுக்கையின் சிப்பும் அதே கட்சி. அதன் கணக்கில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் ஓர் எண். பக்கத்துப் புள்ளியைப் பார்த்து அடுத்த புள்ளி இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். அந்தப் பக்கத்துச் சிப்பும் அதே ஊகத்தைச் செய்து, வந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளும். வித்தியாசம் சின்னதாக இருந்தால் செய்தியும் சின்னது, பெரிதானால் பெரிது.

இதைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு புரோகிராமாக எழுதக் கூடாதா என்று கேட்பவர்களுக்கும் அவளிடம் பதில் தயார். கம்ப்யூட்டர் ஒற்றை ஆள் சமையல். நறுக்கி, வதக்கி, கொதிக்கவைத்து எல்லாம் ஒருவரே செய்ய வேண்டும். நடுவில் வாசலில் யாராவது கூப்பிட்டால் அடுப்பை விட்டு எழுந்தும் போய்விடுவார். சிப்புக்குள் மின்சுற்றாகவே எழுதிவிட்டால் அது பெரிய விருந்துச் சமையல். நறுக்குகிறவர் நறுக்கிக்கொண்டே இருப்பார், வதக்குகிறவர் வதக்கிக்கொண்டே இருப்பார், யாரும் யாரையும் கூப்பிட்டு எழுப்புவதில்லை.

அவள் பயன்படுத்தும் சிப்பில் எந்தக் கம்பி எதோடு சேர வேண்டும் என்று இவளே எழுதலாம், பிடிக்காவிட்டால் அழித்து எழுதலாம். எழுதியதைச் சிப்புக்குள் வழிபோட்டு உட்காரவைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அது ஒருமுறை ஓடி முடிக்க அரை நாள் பிடிக்கும். அவசரக்குடுக்கைக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்! முதல் வருடம் அந்தத் திரைக்கு முன்னால் நகம் கடித்தே விரல் புண்ணானது. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மென்பொருளை ஓடவிட்டதும் அலுவலகத்தை விட்டு வெளியே போய்விடுவாள். அவள் அலுவலகம் டயர் கடைக்கு மேல்மாடி. கீழே சக்கரத்தைச் சம்மட்டியால் அடிக்கும் சத்தத்தில் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பை நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அங்கே யாரும் கோப்பையை முழுதாக நிரப்புவதில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கப்பலிலிருந்து பெட்டி தூக்கி லாரியில் வைக்கும் பெரிய கிரேன். ஓட்டுகிறவர் உட்காரும் கண்ணாடி அறை நாலைந்து மாடி உயரத்தில் தொங்கும். தரையும் கண்ணாடிதான். இரண்டு காலுக்கும் நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே பெட்டியை இறக்க வேண்டும். வேலை முடிந்து இறங்கும்போது முகத்தை ஏணிப் பக்கம் திருப்பி, கைப்பிடியைப் பிடித்து, காலால் படியைத் துழாவித் துழாவிப் பின்பக்கமாக இறங்குவாள். அந்தப் பழக்கம் அவளை விடாது. மேலே வேலை செய்த நாளில் பேருந்திலிருந்தும் அப்படியே இறங்குவாள். அடுத்து இறங்கக் காத்திருப்பவர் திடீரென்று முகத்துக்கு முகம் பார்த்து விழிப்பார். "என்னம்மா, எதாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு.

அத்தனை வருடம் குனிந்ததில் அவளுடைய கழுத்தும் முதுகும் கைவிரித்துவிட்டன. இனி ஏணி ஏறக் கூடாது, குனிந்து உட்காரக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் அவளை வாசல் மேசைக்கு மாற்றினார்கள். உள்ளே வரும் லாரிக்கு அனுமதிச் சீட்டு நீட்டும் வேலை. சம்பளம் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை. ஆனால் அக்கா குறைந்துகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை. பேருந்திலிருந்து எல்லோரையும் போல நேராக இறங்கினாள். அதைத்தான் குடுக்கையால் பார்க்க முடியவில்லை.

"சும்மா உக்காந்து சீட்டு குடுக்கிறது கஷ்டமா என்ன? நல்லா இருக்கேன்டி" என்பாள் அக்கா. நல்லா இருக்கேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் குடுக்கைக்கு எரிச்சலாக வரும்.

அந்த நேரத்தில்தான் துறைமுகத்தார் ஒரு கிரேனுக்கு மட்டும் தரையிலேயே ஓட்டும் அறை கட்டத் தீர்மானித்தார்கள். மேலே இருக்கும் கண்ணாடி அறையில் ஆளுக்குப் பதில் கேமராக்கள். கீழே ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், எதிரே பெரிய திரை. முதுகு நிமிர்ந்து உட்காரலாம், ஏணியே கிடையாது. முதல் நாற்காலி அக்காவுக்கு என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு முறை சோதனை ஓட்டம் வைப்பார்கள். இரண்டிலும் தவறினால் அறையைப் பூட்டிவிட்டுப் பழையபடி மேலே ஆளை ஏற்றுவார்கள். அக்கா ஓய்வு பெறும்வரை வாசல் மேசைதான்.

கிரேன் தண்டவாளத்தில் போய்வந்துகொண்டே இருப்பதால் படத்தைக் காற்றுவழியாகத்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பாதை குறுகல், சுருக்காமல் நுழையாது. சுருக்குகிறேன் என்று ஒரு புள்ளியையும் தொலைக்கவும் முடியாது. பெட்டியைத் தூக்கும் கயிறு எவ்வளவு ஆடுகிறது என்று அதே படத்திலிருந்துதான் ஓர் இயந்திரம் அளக்கிறது, மங்கின படத்தை அது நம்பாது. தாமதமும் கூடாது. கை நின்ற பிறகும் திரையில் பெட்டி நகர்ந்தால் ஓட்டுகிறவர் மறுபக்கம் இழுப்பார், பெட்டி ஊஞ்சலாடும், கீழே மனிதர்கள் நிற்பார்கள்.

அந்த வேலை குடுக்கையின் அலுவலகத்துக்கு வந்தது. ஓட்டப்போகிறவள் சொந்த அக்கா என்பதை முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் மேலாளர். "தப்பு நடந்தா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க இல்ல? அந்தப் பயம் இருக்கட்டும்."

பயம் அவளுக்கு இருக்கவில்லை. இந்த வேலை தனக்கென்றே வந்தது என்றுதான் நினைத்தாள்.

சுற்று நன்றாகவே வந்தது. படத்தை முழுதாக வாங்கிவைத்துச் சுருக்குகிற பேச்சே இல்லை. ஒவ்வொரு வரியாக வர வர, வந்த சூட்டிலேயே சுருக்கி அனுப்பியது. எல்லா வரியும் ஒரே அளவு சுருங்காது என்பதால், பெருத்த வரிகள் வழி கிடைக்கும்வரை காத்திருக்கச் சின்ன இடம் ஒன்று வைத்தாள். அங்கே கூட்டம் சேரச் சேரத் தாமதம் ஏறும். அது தெரிவதற்காகத் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு. கோடு குட்டையாக இருந்தால் சுகம், வளர்ந்து சிவந்தால் வம்பு.

சுற்றைச் சோதித்துப் பார்க்கத் துறைமுகப் படங்கள் தேவைப்பட்டன. அலுவலகத்தின் சோதனைக்காரர் எதைக் கொடுத்தாலும் "எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பவர். அதனால் அவர் பெயரே சந்தேகம் ஆகிவிட்டது, அவரும் அதைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டார். புதுக் கேமரா வந்துசேர நாளாகும் என்றதும், துறைமுகத்துக் காவல் அறையில் பதிவாகியிருந்த வீடியோக்களை வாங்கிவந்தார். வெயில், சாயங்காலம், மூட்டம், மழை, எல்லாம் இருந்தன.

"எனக்கு ஒரு சந்தேகம். இது ரெக்கார்டர்ல பதிஞ்சது. கேமரால இருந்து நேரா வர்றதும் இதுவும் ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"அதே துறைமுகம், அதே பெட்டி, அதே மழை. போதும் அண்ணா, ஓட்டுங்க" என்றாள் குடுக்கை. கேள்வி முடிவதற்குள்தான்.

ஓட்டினார்கள். மழைப் படத்தில்கூடப் பச்சைக் கோடு அசையவில்லை. சந்தேகத்துக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று அலுவலகமே சிரித்தது.

முதல் சோதனை ஓட்டம் காலையில் பளீரென்று தொடங்கியது. ஓட்டும் அறையில் நாற்காலி ஒரு சின்ன மேடைமேல் இருந்தது, ஏற இரண்டு படிகள். அக்கா ஏறி உட்கார்ந்து, கைப்பிடிகளைத் தொட்டுப் பார்த்து, முதல் பெட்டியைத் தூக்கினாள். லாரியில் வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். துறைமுக அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். குடுக்கைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியத்துக்கு மேல் மேகம் கூடியது. வெளியே வெளிச்சம் மங்கியது, ஆனால் திரை மங்கவில்லை, கேமரா தானே படத்தைப் பிரகாசமாக்கிக்கொண்டது. பச்சைக் கோடு மெல்ல நிமிர்ந்தது. குடுக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்து, மஞ்சளாகி, சிவந்தது. அக்கா கைப்பிடியை நிறுத்தினாள். திரையில் பெட்டி நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. அக்கா பழக்கத்தில் மறுபக்கம் இழுக்கப் போய், சட்டென்று இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும். பெட்டி ஆடி ஆடி ஓய்ந்தது. கீழே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"என் கை நின்னுடுச்சு, படம் நிக்கல" என்றாள் அக்கா. யாரையும் குறைசொல்கிற குரல் அல்ல. எழுந்து, முன்பக்கம் பார்த்து இரண்டு படியும் நேராக இறங்கி, வாசல் மேசைக்குப் போய்விட்டாள். அடுத்த லாரி காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஓட்டம் மேகம் கவிந்த நாளாகப் பார்த்துத்தான் வைப்போம் என்றார் அதிகாரி. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மேலாளர் அலுவலகம் திரும்பும் வழியிலேயே தீர்வு சொல்லிவிட்டார். "வாலை நறுக்கிடுங்க. ஒவ்வொரு எண்ணுலயும் நாலுக்குள்ள இருக்கிற சில்லறை வித்தியாசம் எந்தக் கண்ணுக்குத் தெரியப் போகுது? வெறும் இரைச்சல். தூக்கிப் போட்டா எல்லாம் சுருங்கிடும்."

"கண்ணுக்குத் தெரியாது சார். கயிறு அளக்கிற மெஷினுக்குத் தெரியும். ஒரு புள்ளியும் போகாதுன்னு சொல்லித்தான் வேலையை வாங்கியிருக்கோம்."

"போகாதுன்னு நின்னா உங்க அக்கா வாசல்லயே நிப்பாங்க."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் குடுக்கை ஒற்றைக்காலில் நின்றாள். "ஏன் பெருத்துப்போகுதுன்னு தெரியாம எதையும் நறுக்க மாட்டேன். தெரிஞ்சதுக்கப்புறம் நறுக்கணும்னா நானே கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன்" என்றாள். "சரி, பாருங்க" என்று மேலாளர் விட்டுவிட்டார்.

அலுவலகத்தில் அவள் செய்த முதல் காரியம், அந்த மூட்ட நேரத்தில் கேமராவிலிருந்து நேராக வந்த எண்களையும், அதே கேமராவின் படம் காவல் அறை ரெக்கார்டரில் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே படம். சுருக்கிப் பார்த்தால் ரெக்கார்டர் படம் பூனைக்குட்டி, கேமராப் படம் யானை. ரெக்கார்டர் படத்தைப் பதியும்போதே நுணுக்கங்களை வழித்துக் கொஞ்சம் மழுப்பித்தான் பதிகிறது, இடம் மிச்சம் பிடிக்க. ஏற்கெனவே ஒருமுறை இஸ்திரி போட்ட துணியைத்தான் இவர்கள் இத்தனை நாளும் மடித்து மடித்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். ஒரு புள்ளியும் தொலையக் கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறவள், ஏற்கெனவே புள்ளிகள் தொலைந்த படத்தில் சோதித்திருக்கிறாள்! இந்தத் தொழிலில் இதைவிட அசட்டுத் தவறு கிடையாது. அதிலும் கேள்வி கேட்ட மனிதரை அவளேதான் வாயடைத்திருந்தாள்.

"நீங்க அன்னிக்கே கேட்டீங்க அண்ணா. நான்தான் காது குடுக்கல" என்றாள்.

"அதை விடுங்க. மழுப்புறதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சு? அதைப் பாப்போம்" என்றார் சந்தேகம்.

கீழே டயர் கடையில் சம்மட்டி விழுந்துகொண்டிருந்தது. கேமராவின் எண்களில் ஒரு வரியைத் திரையில் விரித்து, குடுக்கை உரக்கப் படித்தாள். "முந்நூத்தித் தொண்ணூத்தாறு, நானூத்தியெட்டு, நானூறு, நானூத்திப் பன்னண்டு, நானூத்தி நாலு..."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் அவர். "ஒத்தைப்படை எண்ணே காணோமே?"

குடுக்கை நிமிர்ந்தாள். அடுத்த வரியை மனதுக்குள் படித்தாள். அதற்கடுத்ததையும் படித்தாள். சின்ன வயதில் அக்காவும் அவளும் கைகோத்துக்கொண்டு பாட்டாகப் பாடிய ஒன்று நாக்கில் வந்து நின்றது.

"ஒத்தைப்படை மட்டும் இல்ல அண்ணா. எல்லாமே நாலாம் வாய்ப்பாடு."

அப்படித்தான் இருந்தது. வெளிச்சம் குறைந்ததும் கேமரா படத்தைப் பிரகாசமாக்கியது என்று சொன்னோமே, அது செய்த மாயமெல்லாம் ஒவ்வொரு எண்ணையும் நாலால் பெருக்கியதுதான். நூறு நானூறானது, நூற்றொன்று நானூற்று நாலானது. நடுவில் உள்ள எண்கள் வரவே வழியில்லை. அடுத்தடுத்த புள்ளிகளுக்குள் ஒன்றாக இருந்த வித்தியாசம் நாலாகிவிட்டது. பாவம், சிப் அத்தனையையும் உண்மையான வித்தியாசம் என்று நம்பி முதுகு ஒடியச் சுமந்திருக்கிறது. ரெக்கார்டர் மழுப்பியபோது அந்த இடைவெளிகள் தூர்ந்துபோய், சோதனையில் ஒன்றும் தெரியாமல் போயிற்று. கேமராவோ தயாரித்தவர் மூடி முத்திரை வைத்த பெட்டி. பெருக்காதே என்று அதனிடம் சொல்ல வழியில்லை.

சொல்லவும் தேவையில்லை என்றாள் குடுக்கை. சிப் ஒரே ஒரு வரியைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். அந்த வரியில் எல்லா எண்ணும் நாலில் வகுபட்டால் வகுத்துவிட்டு, "வகுத்திருக்கிறேன்" என்று தலைப்பில் ஒரு சின்னக் குறி வைக்கட்டும். அந்தப் பக்கம் குறியைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளும், ஒரு புள்ளியும் மாறாது. ஒரே ஓர் எண் முரண்டு பிடித்தாலும் அந்த வரி இருந்தபடியே போகட்டும். படத்தில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒரு வரி நேரம்தான் கூடுதல் செலவு. நாலால் வகுப்பதற்குச் சுற்றில் உழைப்பே இல்லை. நாம் நூறால் வகுக்கக் கடைசி இரண்டு பூஜ்யத்தை அடிப்பது போலத்தான், எண்ணைக் கொண்டுவரும் கம்பிகளில் கடைசி இரண்டை இணைக்காமல் விட்டால் நாலால் வகுத்தாகிவிட்டது.

மேலாளரிடம் போய் மூச்சுவிடாமல் சொன்னாள். "சார், தப்பு என்னோடது. மழுப்பின படத்துல டெஸ்ட் பண்ணிட்டேன். இன்னொண்ணு, நீங்க நறுக்கச் சொன்ன வால்ல மூட்ட நேரத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் காலி. தாராளமா நறுக்கலாம்."

மேலாளர் முகம் மலர்ந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே!"

"சொன்னீங்க சார். ஆனா வெயில்ல அதே வால்ல உயிர் இருக்கு. உங்க பேச்சைக் கேட்டு எப்பவும் நறுக்கியிருந்தா, காலைல நல்லா ஓடினதும் கெட்டிருக்கும்."

மேலாளர் ஒரு கணம் யோசித்து, மலர்ந்த முகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். "சரி சரி, எழுதுங்க" என்றார்.

எழுதினாள். மென்பொருளை ஓடவிட்டுவிட்டு வழக்கம்போல வெளியே கிளம்பினாள். அன்று கால் அக்கா வீட்டுக்கு இழுத்தது. அக்கா கூடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, மருத்துவர் சொன்ன முதுகுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கியபடியே கேட்டாள்.

"என்னடி குடுக்கை, இந்த நேரத்துல?"

"சிப் உள்ள வழி போட்டுக்கிட்டு இருக்கு. அரை நாள் ஆகும்."

அக்கா காலை இறக்கினாள். மறுகாலைத் தூக்கவில்லை. "எனக்காக ரொம்ப அலையாதடி. சரியா வரலைன்னா வரல. வாசல் மேசைல நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு."

"ஃபேனுக்காகவா நீ அத்தனை வருஷம் ஏணி ஏறின?"

அக்கா கூரையைப் பார்த்தாள். "சீட்டு குடுக்கும்போது கிரேன் சத்தம் கேக்கும்டி" என்றாள். "யாரு ஓட்டுறாங்கன்னு சத்தத்துலயே தெரியும். தலையைத் தூக்கிப் பாக்க மாட்டேன்."

குடுக்கைக்கு அழுது மூக்கைச் சிந்தும் வேலை அன்று இல்லை, ஏனென்றால் விடை கையில் இருந்தது. "சரியா வரும் அக்கா" என்றாள்.

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற? போன தடவையும் அப்படித்தான் சொன்ன."

"போன தடவை நல்லா ஓடுதுன்னு மட்டும் தெரியும். இந்தத் தடவை ஏன் ஓடலன்னு தெரியும். அந்தக் காலையும் தூக்கு, டாக்டர் பத்து முறை செய்யச் சொல்லியிருக்காரு இல்ல?"

சிப் தயாரானதும் சந்தேகம் அதைப் பாடாய்ப் படுத்தினார். புதுக் கேமராவை நேராக இணைத்து, அதன்மேல் கறுப்புத் துணி போர்த்திப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், அடித்த டார்ச்சைப் படக்கென்று அணைத்துப் பார்த்தார். நாலாம் வாய்ப்பாட்டு வரி ஒன்றின் கடைசிப் புள்ளியில் வேண்டுமென்றே ஓர் ஒற்றைப்படை எண்ணை நுழைத்துவிட்டார். வரி இருந்தபடியே போய், இருந்தபடியே சேர்ந்தது. இந்த முறை குடுக்கை அவரை ஒரு சொல் அவசரப்படுத்தவில்லை. கேட்டுக்கொண்டு, காத்திருந்து, அவர் கேட்காத ஒன்றிரண்டையும் தானே சேர்த்துச் சோதித்தாள். எந்தப் பக்கம் எண்ணிப் பார்த்தாலும் ஒரு புள்ளி குறையவில்லை.

"ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு அதிகாரி கேட்ட மாதிரியே மேகம் வந்து கவிந்தது. மதியமே பொழுது சாய்ந்தாற்போல இருந்தது. அக்கா மேடை ஏறி உட்கார்ந்தாள். குடுக்கை சுவரோரமாக நின்று, திரையின் ஓரத்துப் பச்சைக் கோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கேமரா படத்தைப் பிரகாசமாக்கிய கணம் அவளுக்குத் தெரிந்தது. கோடு ஒருமுறை லேசாகத் துடித்தது. பிறகு இருந்த இடத்திலேயே இருந்தது.

முதல் பெட்டியின்போது அக்காவும் கோட்டைத்தான் பார்த்தாள், பெட்டியை ஒரு பார்வை, கோட்டை ஒரு பார்வை. சூடு கண்டவள் அல்லவா. இரண்டாவது பெட்டியில் கோட்டின் பக்கம் பார்வை போவது குறைந்தது. அதன் பிறகு போகவே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பெட்டி இறங்கி, லாரியின் நாலு மூலைக் கொக்கியிலும் ஒரு தட்டுகூடத் தட்டாமல் உட்கார்ந்தது. அக்காவின் கை நின்ற இடத்தில் பெட்டி நின்றது. அவள் தோள் இரண்டும் இறங்கி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். மேலே இருக்கும்போது அவள் அப்படித்தான் முணுமுணுப்பாள் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிக் குடுக்கை கேட்டிருக்கிறாள், பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் பெட்டியும் உட்கார்ந்தது. கயிறு அளக்கும் இயந்திரம் ஒரு முறைகூட முறைத்துக்கொள்ளவில்லை என்றார் அதிகாரி. மேலாளர் அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தூக்கிப் போட வேண்டியதைத் தூக்கிப் போட்டோம் சார், அவ்வளவுதான்" என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததைக் குடுக்கை காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கைப்பிடிகளை விட்டாள். எழுந்தாள். மேடையின் விளிம்புக்கு வந்தவள் அப்படியே திரும்பி நின்றாள். முகம் நாற்காலியின் பக்கம். ஒரு கையால் நாற்காலியின் கைத்தாங்கலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இல்லாத கம்பியைத் தேடி, ஒரு காலைப் பின்னால் நீட்டிப் படியைத் துழாவினாள்.

அதிகாரிக்கும் மேலாளருக்கும் அது தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் புரிந்திருக்காது. குடுக்கைக்குப் புரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அவளுடைய மற்ற எல்லாவற்றையும் போல அவசர அவசரமாக. இரண்டெட்டில் மேடையருகே போய் அக்காவின் முதுகில் கை வைத்தாள்.

"அக்கா, ரெண்டே படிதான். ஏணி இல்ல."

அக்கா தோளுக்கு மேலாகத் திரும்பித் தரையைப் பார்த்தாள். தரை இவ்வளவு கிட்டத்தில் இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"மேல இருந்தேன்டி" என்றாள்.

சொல்லிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு படியையும் பின்பக்கமாகவே இறங்கினாள்.